ஒன்றும் செய்யப்படாத குழு

பேச்சு, மொழி, செவித்திறன் கோளாறுகளுக்கான உயர் ஆராய்ச்சி நிலையத்தில் நோயாளியாகச் சேர ஒரே ஒரு வழிதான் இருந்தது. தொலைபேசியில் பேச வேண்டும். பேச முடியாதவர்கள் எப்படிப் பேசுவார்கள் என்று ஒரு பத்திரிகைக்காரர் கேட்டுப் பார்த்தார். அந்தக் கேள்வியையும் தொலைபேசியில் கேட்கும்படி பதில் வந்தது. நோயாளி தன் சொந்தக் குரலில் பெயர், வயது, கோளாறு மூன்றையும் பத்து விநாடிக்குள் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இணைப்பு துண்டிக்கப்படும். தங்குதடையின்றிச் சொல்லிவிட்டால், கோளாறு எதுவும் இல்லை என்று பதிவு ரத்தாகும். இரண்டுக்கும் நடுவில் எப்படியோ சொல்லித் தொலைத்தவர்கள்தான் உள்ளே வர முடிந்தது. இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்த அதிகாரியின் படம் வரவேற்பறையில் மாட்டியிருக்கிறது. நல்ல சிரித்த முகம்.

பூட்டுக்காரருக்கு இதெல்லாம் தெரியாது. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, கையை விரித்தால் இரண்டு சுவரும் இடிக்கிற ஒரு கடையில் முப்பது வருடமாக மாற்றுச் சாவி வெட்டிக்கொண்டிருப்பவர். அரத்தையும் சாவியையும் தவிர அவர் வேறு எதனோடும் பழகியதில்லை. கடையின் பேச்சு முழுக்க அவர் மனைவி கையில் இருந்தது. வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, எந்த வீட்டுச் சாவி, எப்போது கிடைக்கும், போன தடவை செய்த சாவி ஏன் திரும்பவில்லை என்பதையெல்லாம் அவளே பேசுவாள். அவர் பங்குக்கும் சேர்த்துப் பேசினாள் என்பதால் அவருக்கு ஒரு நாளைக்கு நாலு வார்த்தைக்கு மேல் தேவைப்படவில்லை.

நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில், ஒரு வாடிக்கையாளரிடம் பாதி வாக்கியம் பேசிக்கொண்டிருந்தபோது அவளுக்கு வாய் ஒரு பக்கமாகக் கோணியது. மூளையில் ரத்தம் உறைந்துவிட்டதாக மருத்துவமனையில் சொன்னார்கள். கை வந்தது, கால் வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. மிஞ்சியது ஒரே ஒரு வார்த்தை. டீ வேண்டுமா என்றால் 'அதான்' என்றாள். வேண்டாமா என்றாலும் 'அதான்'. தூக்கத்தில் புரண்டு படுத்தாலும் 'அதான்'. சொல்லிவிட்டு, இது நான் சொல்ல வந்தது இல்லையே என்று அவளே திகைத்துப்போய் அவரைப் பார்ப்பாள். அந்தப் பார்வையை அவரால் தாங்க முடியவில்லை.

"வார்த்தையெல்லாம் உள்ள அப்படியேதான் இருக்கு. வெளிய வர்ற வழிதான் அடைச்சிருக்கு," என்றார் மருத்துவர்.

பூட்டுக்காரருக்கு இது உடனே புரிந்தது. சாமான் பத்திரம், பூட்டு சிக்கிக்கொண்டது, அவ்வளவுதானே. திறக்கத் தெரிந்த ஆள் வேண்டும். ஆராய்ச்சி நிலையத்துக்குத் தொலைபேசி செய்து, தொலைபேசியை மனைவியின் வாயருகே பிடித்தார். பெயர் என்ன என்று இயந்திரம் கேட்டது. அதான். வயது? அதான். கோளாறு? அதான். இயந்திரத்துக்கு மிகவும் பிடித்துப்போய்விட்டது. தேதி கொடுத்தது.

போன அன்று இருவரும் தரைத்தளத்தில் செவித்திறன் பிரிவைக் கடந்து நடந்தார்கள். நீளமான கூடம், நிறைய பெஞ்சு, பெஞ்சு நிறைய ஆட்கள். அங்கே டோக்கன் எண்ணை ஒலிபெருக்கியில் ஒரே ஒரு தடவை, மெல்லிய குரலில் அழைப்பார்கள். கேட்டு எழுந்து வந்தவருக்குக் காது நன்றாக இருக்கிறது என்று சான்றிதழ் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவார்கள். எழுந்து வராதவரை, ஆள் வரவில்லை என்று குறித்துக்கொள்வார்கள். இப்படியாகப் பதினோரு வருடத்தில் அந்தப் பிரிவில் காது கேளாதவர் ஒருவர்கூட அகப்படவில்லை. செவித்திறன் குறைபாடு ஒழிக்கப்பட்டுவிட்டதாக ஆண்டறிக்கையில் இரண்டு பக்கம் வண்ணத்தில் அச்சிட்டிருந்தார்கள். பெஞ்சில் இருந்தவர்கள் அதைப் புரட்டிக்கொண்டு காத்திருந்தார்கள்.

முதல் மாடியில் ஒரு குமாஸ்தா இருந்தார்.

"ஆராய்ச்சியில சேர்றதுக்கு வாய்மொழி சம்மதம் வேணும்," என்றார்.

"அவளுக்குப் பேச்சு வராதுங்க. அதுக்காகத்தான் வந்திருக்கோம்."

"பேச்சு வராதுன்னு அவங்க வாயால சொல்லட்டும். எழுதிக்கறேன்."

"அதான்," என்றாள் மனைவி.

குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்தார். "இதை ஆமான்னும் எழுத முடியாது, இல்லைன்னும் எழுத முடியாது. சட்டப் பிரிவுக்குத்தான் அனுப்பணும்."

சட்டப் பிரிவு ஒன்பது பக்கத்தில் கருத்துச் சொன்னது. சொன்ன தொனியில் கோபம் தென்படாததால் சம்மதமாகக் கொள்ளலாம், பின்னால் கோபம் தென்பட்டால் சம்மதம் முன்தேதியிட்டு ரத்தாகும்.

பிறகு ஒரு இளம் ஆய்வாளர் வந்தார். தோளில் பையும் கையில் ஒட்டிய உறைகளுமாக, எப்போதும் எங்கோ தாமதமாகிவிட்ட மாதிரி நடக்கிற பெண். ஒரு உறையை எடுத்துக்கொள்ளச் சொன்னார். மனைவி எடுத்தாள். உள்ளே 'ஆ' என்று எழுதியிருந்தது.

"நீங்க ஒப்பீட்டுக் குழு," என்றார் ஆய்வாளர். "எங்க இயக்குநர் ஒரு தலைக்கவசம் கண்டுபிடிச்சிருக்கார். பேரு சொல்லூக்கி. 'அ' குழுவுக்கு அதை மாட்டி தினம் மூணு மணி நேரம் உட்கார வைப்போம். உங்களுக்கு ஒண்ணும் செய்ய மாட்டோம்."

"ஒண்ணுமே செய்ய மாட்டீங்களா?"

"மாட்டோம். ஆனா அதை ரொம்பக் கவனமாச் செய்வோம்."

"அப்ப நாங்க வீட்டிலயே இருந்துக்கலாமா?"

"வீட்டில இருந்தா உங்களுக்கு ஒண்ணும் செய்யலைங்கறதை நாங்க எப்படிங்க மேற்பார்வை பண்றது? தினம் பத்து மணிக்கு வரணும், ஒரு மணிக்குப் போகணும். பதிமூணு வாரம். ஒழுங்கா முடிச்சிட்டா அப்புறம் உங்களுக்கும் சொல்லூக்கி உண்டு."

அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் பூட்டுக்காரர் இறுகப் பிடித்துக்கொண்டார். பதிமூன்று வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டால் சொல்லூக்கி. சொல்லூக்கி வந்தால் இவள் வாசலில் முக்காலி போட்டுப் பேசுவாள். கடையைப் பத்திலிருந்து ஒன்றுவரை சாத்துவது என்று அன்றே முடிவு செய்தார்.

ஒப்பீட்டுக் குழுவுக்கு நாலாம் எண் அறை. தரையோடு முடுக்கிய நாற்காலிகள், ஒரு கடிகாரம், 'அமைதி காக்கவும்' என்று நாலு சுவரிலும் நாலு பலகை. அங்கே இவர்களைத் தவிர ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் இருந்தார். அவரிடம் மிஞ்சியிருந்த வார்த்தை 'ரைட்'. கூட வந்த அவருடைய மச்சான் உட்கார்ந்ததும் தூங்கிவிடுவார். இன்னொருவர் ஒரு கணக்கு டீச்சர், அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வருவார். என்ன கேட்டாலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆரம்பித்து, நிறுத்த வழி தெரியாமல் நாற்பது வரை போய்விட்டுக் கண் கலங்குவார்.

இரண்டு நாள் எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். மூன்றாம் நாள், தூக்கம் கலைந்த மச்சான் சோம்பல் முறித்துக்கொண்டே, "நீங்க என்ன தொழில் பண்றீங்க?" என்று பொதுவாகக் கேட்டார்.

முப்பது வருடமாக இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் பதில் சொன்னவள் மனைவி. அறை முழுக்கத் தன்னையே பார்ப்பதைப் பூட்டுக்காரர் கவனித்தார். அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பூட்டு என்றார். எல்லோரும் இன்னும் பார்த்துக்கொண்டிருந்ததால், போதாது போலிருக்கிறது என்று நினைத்து ஒரு கதை சொல்ல ஆரம்பித்தார்.

கதை சொல்வதில் அவருக்கு இருந்த திறமை பூஜ்யம்.

"ஒரு வக்கீலு," என்றார். "தன் வீட்டு பாத்ரூம்ல தானே பூட்டிக்கிட்டாரு. ஒரு செவ்வாக்கிழமை. நான் போய் தொறந்து விட்டேன். ஒரு மணி நேரத்துல."

மனைவி நாற்காலியில் நெளிந்தாள். "அதான், அதான்," என்றாள். முகம் சிவந்தது. கழுத்தில் நரம்பு புடைத்தது. பூட்டுக்காரர் பயந்துபோய் எழுந்தார்.

"இல்ல," என்றாள்.

பூட்டுக்காரர் அவள் பக்கம் குனிந்தார்.

"என்ன இல்ல? வக்கீல் இல்லையா?"

"இல்ல."

"பின்ன யாரு?"

ஒரு மணி அடிக்கும்வரை அந்த அறை அவளோடு சேர்ந்து தள்ளியது. ஓட்டுநர் 'ரைட், ரைட்' என்று முன்னால் குனிந்து தள்ளினார். டீச்சர் எண்ணிக்கொண்டே தள்ளினார். கடைசியில் 'பல்' என்று ஒன்று வந்து விழுந்தது. பல் டாக்டர். செவ்வாய் இல்லை, ஞாயிறு. பாத்ரூம் இல்லை, மருந்து அலமாரி அறை. ஒரு மணி நேரம் இல்லை, ஐந்து. இதையெல்லாம் சொல்லி முடிக்க அவளுக்கு நாலு நாள் பிடித்தது. தன் வாழ்க்கையில் நடந்த ஒரு விஷயம்கூடத் தனக்குச் சரியாகத் தெரியாது என்பது பூட்டுக்காரருக்கு அப்போதுதான் தெரியவந்தது.

அதற்குப் பிறகு அவர் வாயை மூடவில்லை. சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் பேசினார். பேசியது அத்தனையும் தப்பு. பன்னிரண்டாம் எண் பேருந்து சந்தை வழியாகப் போகும் என்றார். ஓட்டுநரால் அதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அவர் முப்பத்திரண்டு வருடம் ஓட்டிய வண்டி அது. "தண்ணித்தொட்டி," என்று கத்தினார், "தண்ணித்தொட்டி, பாலம், அப்புறம்தான்…" அப்புறம் என்ன என்பது மறுவாரம் வந்தது. இன்னொரு நாள் பூட்டுக்காரர் ஏழு எட்டு ஐம்பத்து நாலு என்று எதேச்சையாக ஏதோ கணக்கில் சொன்னார். டீச்சர் எழுந்து நின்றுவிட்டார். "ஐம்பத்தி ஆறு. உட்காருங்க," என்றார். அவருடைய அக்கா அழுதேவிட்டார். பூட்டுக்காரர் உட்கார்ந்தார்.

ஐந்தாம் வாரம் ஆய்வாளர் படச் சோதனை வைத்தார். ஐம்பது படங்கள், பார்த்துப் பெயர் சொல்ல வேண்டும். முப்பத்தெட்டாம் படத்தை இயக்குநர் தன் கையாலேயே வரைந்திருந்தார். அது ஆடா, தேநீர்க் கெண்டியா என்று நிலையத்தில் எவருக்கும் தெரியாது. சரியான விடை ரகசியம் கருதிப் பெட்டகத்தில் இருந்தது. மனைவி முதல் சோதனையில் வாங்கியது பூஜ்யம். இப்போது பதினாலு. எட்டாம் வாரம் முப்பத்தி ஒன்று. ஆய்வாளர் எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவை மூடிவிட்டு ரகசியமான குரலில் கேட்டார்.

"அம்மா, கொஞ்சம் குறைச்சுச் சொல்ல முடியுமா?"

பாவம், அவர் கஷ்டம் அவருக்கு. 'அ' குழு சத்தம் புகாத அறையில், சொல்லூக்கியை மாட்டிக்கொண்டு, தினம் மூன்று மணி நேரம் தேமே என்று உட்கார்ந்திருந்தது. சத்தம் கருவியைப் பாதிக்கும் என்பதால் அவர்கள் பேசவும் கூடாது, அவர்களோடு யாரும் பேசவும் கூடாது. இருபது வார்த்தையோடு உள்ளே போன ஒருவரிடம் இப்போது நாலு வார்த்தைதான் இருந்தது. அதில் ஒன்று 'சொல்லூக்கி'.

இயக்குநர் பூட்டுக்காரரைத் தன் அறைக்கு அழைத்தார். கம்பளம் விரித்த அறை. சுவரில் அவர் மேடைகளில் பேசிய படங்கள் மட்டும் நாற்பது இருந்தன.

"உட்காருங்க. நான் இருபது வருஷமா இந்தத் துறையில இருக்கேன்," என்றார் இயக்குநர். "இந்த இருபது வருஷத்துல ஒரு நோயாளிகூட என் அனுமதி இல்லாம குணமானது கிடையாது."

"அனுமதியோட எத்தனை பேருங்க?" என்று பூட்டுக்காரர் பணிவாகக் கேட்டார். அவருக்கு இப்போது பேசிப் பழகிவிட்டது.

"அதுவும் கிடையாது. ஒரு ஒழுங்கு இருந்துச்சு, பாருங்க. குணமாகறது தப்புன்னு நான் சொல்லவே இல்ல. எந்தக் குழுவுல உட்கார்ந்துக்கிட்டு குணமாகறோம்னு ஒரு பொறுப்பு வேண்டாமா? நாளைக்கு ஒவ்வொருத்தரும் அவங்கவங்க இஷ்டத்துக்குப் பேச ஆரம்பிச்சா இப்படி ஒரு நிலையம் எதுக்கு?"

மறுநாள் சுற்றறிக்கை வந்தது. நோயாளியோடு வருபவர்கள் தவறான தகவல்களைச் சொல்வதால்தான் நோயாளிகள் தூண்டப்படுகிறார்கள் என்று கண்டறியப்பட்டுள்ளது. எனவே நாலாம் அறையில் இனி உண்மை மட்டுமே பேசப்பட வேண்டும். இதைக் கண்காணிக்க உண்மை சரிபார்ப்பு அலுவலர் ஒருவர் நியமிக்கப்பட்டார். நோட்டும் பேனாவுமாக மூலையில் உட்கார்ந்தார். முதல் நாளே, "நேத்து சுற்றறிக்கை வந்ததில்ல…" என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். "முந்தாநாள்," என்றாள் மனைவி. "நேத்துதாம்மா." "முந்தாநாளே வந்தது. தேதி… பாருங்க." அலுவலர் பார்த்தார். அவள் சொன்னது சரி. ஒரு வாரத்தில் அந்த அறையிலேயே அதிகமாகத் தப்புச் சொல்கிறவர் அவர்தான் என்று ஆனது. அவரைத் திருத்தித் திருத்தியே ஓட்டுநருக்கு முழு வாக்கியம் வந்துவிட்டது. வேலைக்கு வந்த மூன்றாம் வாரம் அலுவலர் தன் மனைவியையும் அழைத்துவந்தார். அவளுக்குக் கோளாறு எதுவும் இல்லை, வீட்டில் பேச நேரமே கிடைப்பதில்லையாம்.

பன்னிரண்டாம் வாரம் இயக்குநர் மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை அவரே நாற்காலியை இழுத்துப் போட்டார். அது பூட்டுக்காரருக்குப் பயமாக இருந்தது.

"வெள்ளிக்கிழமை வெளியிலிருந்து மதிப்பீட்டுக் குழு வருது. நிலையம் இருக்கணுமா வேண்டாமான்னு அவங்கதான் சொல்லணும். உங்க வீட்டம்மாவுக்கு நாப்பத்தி மூணு வார்த்தை வந்திருக்கறதா பதிவாயிருக்கு. அதைக் கொஞ்சம் திருப்பிக் குடுத்துடுங்க."

"எப்படிங்க திருப்பிக் குடுக்கறது?"

"அன்னைக்கு ஒரு நாள் மட்டும் பழையபடி 'அதான்'னு மட்டும் சொன்னா போதும். திங்கட்கிழமை முதல் சொல்லூக்கி அவங்களுக்குத்தான். இல்லேன்னா விதியை மீறினதா பேரை அடிச்சுடுவோம். அப்புறம் எந்தக் காலத்திலயும் கிடைக்காது. இப்ப வந்திருக்கறதெல்லாம் வெட்டிப்பேச்சுல வந்தது. வந்த மாதிரியே போயிடும். கருவியில வர்றதுதான் நிக்கும். யோசிச்சுப் பாருங்க."

பூட்டுக்காரர் யோசித்துப் பார்த்தார். தான் உளறியதில் வந்த பேச்சு எத்தனை நாளைக்கு நிற்கும்? அவர் வாயில் அவருக்கே நம்பிக்கை இல்லை. இவர்களிடம் கட்டடம் இருக்கிறது, கருவி இருக்கிறது. அன்று மாலை கடையில் மனைவியிடம் மென்று விழுங்கிச் சொன்னார்.

"ஒரே ஒரு நாள்தான். அப்புறம் அவங்க முழுசாச் சரி பண்ணிடுவாங்க."

மனைவி அவரையே பார்த்தாள். "நான்… சரி… ஆயிட்டு வரேனே," என்றாள்.

"இது சும்மா நான் கதை விட்டதுல வந்தது. அது எந்திரம்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுநாள் காலையில் டீ வேண்டுமா என்று கேட்டார்.

"அதான்," என்றாள்.

அந்த வார்த்தை வீட்டை விட்டுப் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. மறுபடி கேட்டதும் அவர் அடுப்பை அணைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். கோபத்தில் சொல்கிறாளா, ஒத்திகை பார்க்கிறாளா, நிஜமாகவே போய்விட்டதா என்று தெரியவில்லை. வெள்ளிக்கிழமை வரை அவள் வேறு எதுவும் சொல்லவில்லை. அவர் தப்புத் தப்பாக எத்தனையோ சொல்லிப் பார்த்தார். மூன்று நாளும் அவள் திருத்தவில்லை. தன்னைவிட முட்டாள் ஊரில் இருக்க முடியாது என்று அவருக்குத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை மதிப்பீட்டுக் குழு வந்தது. மூன்று பேர். தலைவி நரைத்த தலையும் தடித்த கண்ணாடியுமாக இருந்தார். எதைக் காட்டினாலும் "சரி, அப்புறம்?" என்றார். நாலாம் அறையில் நிலையத்துக்காரர்கள் எல்லோரும் சுவரோரம் நின்றார்கள். இயக்குநர் பேசினார்.

"மதிப்பிற்குரிய குழுவினரே, பன்னிரண்டு வாரமாக இந்த அறையில் எவருக்கும் எந்த முன்னேற்றமும் ஏற்படவில்லை என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன். இங்கே யாரும் வாயைத் திறந்ததில்லை. எங்கள் ஊழியர்கள் இரவு பகல் பாராமல் உழைத்ததால்தான் இது சாத்தியமானது." பிறகு மனைவியிடம் குனிந்தார். "அம்மா, உங்க பேரு என்ன?"

"அதான்."

"இவர் யாரு?"

அவள் பூட்டுக்காரரை நேராகப் பார்த்தாள். "அதான்," என்றாள்.

இயக்குநர் நிமிர்ந்து சிரித்தார். சுவரோரம் கை தட்டினார்கள். பூட்டுக்காரர் எழுந்தார்.

"போதும்மா. எனக்குச் சொல்லூக்கி வேண்டாம்," என்றார். குழுவின் பக்கம் திரும்பினார். "இவளுக்குப் பேச்சு வருதுங்க. நான்தான் பேசாதேன்னு சொன்னேன். இவங்க சொன்னாங்கன்னு நான் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது."

"இவர் கற்பனை செய்கிறார்," என்றார் இயக்குநர் வருத்தத்தோடு. "நோயாளிகளின் கணவர்களுக்கு இப்படி வருவது உண்டு. நூற்றுக்கு எண்பது பேருக்கு வரும். ஐந்தில் மூன்று பேர்."

"நாலு," என்றார் கணக்கு டீச்சர்.

"என்ன?"

"எண்பது சதவீதம்னா அஞ்சுல நாலு. மூணு இல்ல."

"இந்த அறையில் பேச்சே கிடையாது என்பதை மறுபடி வலியுறுத்த…"

"பொய்யி," என்றார் ஓட்டுநர். "நேத்து மத்தியானம் வரைக்கும் இங்க சந்தைக்கடை மாதிரி இருந்துச்சு. இவரு வந்து எட்டிப் பார்த்துட்டு கதவைச் சாத்திட்டுப் போனாரு."

"புதன்கிழமை," என்றார் உண்மை சரிபார்ப்பு அலுவலர், பழக்கதோஷத்தில்.

"நேத்து," என்று மூன்று பேர் அவரைத் திருத்தினார்கள். அதில் ஒரு குரல் மனைவியுடையது. பூட்டுக்காரருக்கு அது தனியாகக் கேட்டது. அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மனைவி எழுந்து நின்றாள்.

"நாப்பத்தி மூணு… வார்த்தைன்னு… எழுதியிருக்காங்க," என்றாள். வார்த்தைக்கு வார்த்தை நின்று, மூச்சு வாங்கி, ஆனால் விடாமல். "அது போன மாசம். இப்ப… எண்ண முடியாது. இவர் சொல்றது… நிஜம். இவர் நிஜம் சொல்றது… இதான் முதல் தடவை."

தலைவி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். இயக்குநரைப் பார்த்து, "இந்தக் குழுவுக்கு நீங்க என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார்.

"சத்தியமா ஒண்ணும் செய்யலீங்க," என்றார் இயக்குநர். அவர் குரல் உடைந்தது. "கோப்பு இருக்கு. ஒரு நாள்கூட ஒண்ணும் செய்யல. வேணும்னா 'அ' குழுவைப் பாருங்க, அவங்களுக்கு எல்லாம் செஞ்சிருக்கோம்."

'அ' குழுவையும் பார்த்தார்கள். சொல்லூக்கியைக் கழற்றியதும் அதில் ஒருவர் அழுதார். மதிப்பீட்டுக் குழு கூடிப் பேசி, ஒரு மணிக்கு முடிவைப் படித்தது. இந்த நிலையம் இருபது வருடத்தில் செய்தவற்றிலேயே பலன் தந்தது இங்கே ஒன்றும் செய்யாமல் இருந்தது மட்டும்தான். எனவே அது உடனடியாக எல்லாப் பிரிவுகளுக்கும் விரிவாக்கப்பட வேண்டும். ஒன்றும் செய்யாமைத் திட்டத்தின் தலைமைப் பொறுப்புக்கு, நீண்ட அனுபவம் கருதி, தற்போதைய இயக்குநரையே பரிந்துரைக்கிறோம்.

இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடை இல்லாத இடத்தில் மேடை மாதிரி நின்றார். "நான் இதைத்தான் ஆரம்பத்திலிருந்தே சொல்லிவந்தேன்," என்று தொடங்கினார். அடுத்த ஆராய்ச்சி தயார். ஒன்றும் செய்யாமையை மூன்று மணி நேரம் கொடுப்பதா, ஆறு மணி நேரம் கொடுப்பதா? அதோடு ஒப்பிட, வேறு விதமாக ஒன்றும் செய்யப்படாத இன்னொரு குழு. பேச்சு முடிவதற்குள் இளம் ஆய்வாளர் புதிய உறைகளோடு ஓடிவந்து ஒன்றை மனைவியிடம் நீட்டினார்.

மனைவி உறையை வாங்கி, திருப்பிப் பார்த்து, பிரிக்காமல் அவர் கையிலேயே வைத்தாள்.

"வேண்டாம்," என்றாள். கொஞ்சம்கூடத் திக்காமல் வந்தது.

பேருந்து நிறுத்தத்தில் இருவரும் நின்றார்கள். பூட்டுக்காரர் பேசவில்லை. இனி அவர் பேசத் தேவையில்லை என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தன் பழைய நாலு வார்த்தைக்குப் போய்விடலாம் என்று நிம்மதியாகக்கூட இருந்தது. மனைவி இரண்டு பேருந்து போகிறவரைக்கும் பொறுத்தாள்.

"என்ன, பேச்சையே… காணோம்?" என்றாள்.

"நீதான் பேசறியே."

"முப்பது வருஷம்… நான் பேசினேன். நீங்க பேசி… இப்பத்தான் கேக்கறேன். நிறுத்தாதீங்க."

இவள் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது அவருக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. திருத்திக்கொண்டிருக்கிறாள் என்று மட்டுமே நினைத்திருந்தார். உடனே ஏதாவது சொல்ல வேண்டும், என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஆராய்ச்சி நிலையத்தின் கட்டடத்தைத் திரும்பிப் பார்த்து, மரியாதைக்கு ஏதோ ஒன்று சொல்லிவைத்தார்.

"என்ன இருந்தாலும், அவங்க நம்மள நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்க."

அவ்வளவுதான். அவள் ஆரம்பித்தாள். தொலைபேசி இயந்திரத்திலிருந்து ஆரம்பித்தாள். பேருந்து வந்தது, ஏறினார்கள், உட்கார இடம் கிடைத்தது, அவள் குமாஸ்தாவுக்கு வந்திருந்தாள். வார்த்தை சிக்கிய இடங்களில் நின்றாள், கையை ஆட்டினாள், வேறு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தாள். அவர் அவசரப்படுத்தவில்லை. பதினோரு நிறுத்தம். கடை வாசலில் உடைந்த சாவியோடு ஒரு ஆள் நின்றுகொண்டு, எப்போது திறப்பீர்கள் என்று கேட்டார். மனைவி அவரைப் பார்த்து, "இருங்க, பேசிக்கிட்டிருக்கோமில்ல," என்று சொல்லிவிட்டு, பூட்டுக்காரர் பக்கம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.